டாக் கமென்ட் மெய்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு லைப்ரரியில் (பிறர் எடுத்துப் பயன்படுத்த எழுதிய நிரல் தொகுப்பு) ஃபங்ஷனுக்கு, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்கு, நேர் மேலே (பைத்தானில் உள்ளே) எழுதி வைக்கும் விளக்கத்தைத்தான் இங்கே டாக் கமென்ட் என்கிறேன். ஜாவாவில் ஜாவாடாக், பைத்தானில் டாக்ஸ்ட்ரிங், சி++ பக்கம் பெரும்பாலும் டாக்ஸிஜன். அதை மெய்ப்பு பார்க்கத் தொடங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றையும், நானே தடுக்கி விழுந்த இடங்கள் சிலவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சாதாரண கமென்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சாதாரண கமென்ட் நிரலைத் திறந்து பார்ப்பவருக்கு. டாக் கமென்ட் நிரலைத் திறக்கவே போகாதவருக்கு. எடிட்டரில் ஃபங்ஷன் பெயர்மேல் சுட்டியைக் கொண்டுபோனதும் எட்டிப் பார்க்கும் சின்னப் பெட்டியில் அவர் படிப்பது இதைத்தான். 1996-ல் ஜாவாவின் முதல் வெளியீட்டோடு ஜாவாடாக் கருவியும் வந்துவிட்டது. /** என்று இரண்டு நட்சத்திரம் போட்டால் ஊருக்கு, ஒன்று போட்டால் நமக்குள். ரஸ்டில் மூன்று சாய்கோடு. கோ மொழியில் தனி அடையாளமே கிடையாது. அறிவிப்புக்கு நேர் மேலே, நடுவில் வெற்று வரி விடாமல் எழுதினால் அதுவே டாக் கமென்ட். பைத்தானில் அது கமென்ட்கூட இல்லை, ப்ரோக்ராம் ஓடும்போதும் நினைவகத்தில் இருக்கும் ஒரு ஸ்ட்ரிங். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தலைவலியாக வரும்.

எழுத்துப்பிழை பிடிக்கும் கருவியை ஓட்டினால் போதாதா?

முதலில் அதை ஓட்டத்தான் வேண்டும். கோட்ஸ்பெல், டைப்போஸ் போன்றவை அடிக்கடி தவறாக எழுதப்படும் சொற்களின் பட்டியலை வைத்துத் தேடுகின்றன. லினக்ஸ் கெர்னலின் மூலக்கோப்புகளுக்குள்ளேயே அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. பேட்ச் (அனுப்பப்படும் திருத்தம்) சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் அதை எடுத்துக்கொள்ளும். மனிதக் கண் இந்த வேலையில் நேரத்தை வீணாக்கக் கூடாது.

ஆனால் 'திஸ் கிளாஸ் இஸ் நவ் த்ரெட் சேஃப்' என்ற வரியைப் பாருங்கள். இந்தக் கிளாஸை ப்ரோக்ராமின் பல பகுதிகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் இப்போது ஆபத்து இல்லை என்று பொருள். எழுதியவர் நினைத்தது 'நாட்', அதாவது ஆபத்து உண்டு. ஆங்கிலத்தில் கடைசி ஒரே ஓர் எழுத்துதான் வேறு. இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள், இரண்டு வாக்கியமும் இலக்கணச் சுத்தம், பொருள் மட்டும் தலைகீழ். எந்தக் கருவியும் இதில் சிவப்புக் கோடு போடாது. இதே வகையில், அகலத்துக்கு எழுதிய கமென்டை உயரத்துக்கு ஒட்டிவிட்டு ஒரு சொல்லை மாற்ற மறப்பதும் உண்டு. காப்பி பேஸ்ட் பிழைகள் எப்போதும் எழுத்துப்பிழை இல்லாமல்தான் வரும். மூலத்தில் ஏற்கெனவே யாரோ திருத்தி வைத்திருப்பார்களே!

அப்படியானால் எதைத்தான் பார்க்க வேண்டும்?

கமென்டை ஒரு பக்கமும் நிரலை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, பயன்படுத்துபவர் நாளைக்குக் கேட்கப்போகும் கேள்விகளை இன்றைக்கே கேட்டுப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம். ஏதோ ஒரு வரிசையிலிருந்து உருப்படிகளை எடுக்கும் ஃபங்ஷன் என்று வைத்துக்கொள்வோம். மேலே இப்படி எழுதியிருக்கிறது:

"கொடுத்த நேரம் வரை காத்திருந்து, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட உருப்படிகளைத் தரும். எதுவும் இல்லை என்றால் காலியாகத் தரும்."

படிக்க அழகாக இருக்கிறது. ஒரு பிழையும் கிடையாது. இப்போது ஒவ்வொரு சொல்லாகச் சுரண்டுங்கள்.

'கொடுத்த நேரம்' என்றால் செகண்டா, மில்லிசெகண்டா? பைத்தானின் ஸ்லீப் செகண்டில் கணக்கிடும், ஜாவாவின் ஸ்லீப் மில்லிசெகண்டில். யூனிக்ஸ் ஸ்லீப் செகண்டு, விண்டோஸ் ஸ்லீப் மில்லிசெகண்டு. நான்கும் ஒரே பெயர். இந்த நிலையில் அலகைச் சொல்லாத கமென்ட், இரண்டு செகண்டு காத்திருக்க நினைத்தவரை அரை மணி நேரத்துக்கும் மேல் உட்கார வைத்துவிடும். அப்புறம், நேரம் பூஜ்ஜியம் என்றால்? மைனஸ் எண் என்றால்? யூனிக்ஸின் போல் என்ற அழைப்பில் மைனஸ் கொடுத்தால் வரம்பே இல்லாமல் காத்திருக்கும். உங்கள் லைப்ரரியிலும் அப்படியா, அல்லது பிழை என்று எறியுமா?

'இடைப்பட்ட' என்பதில் முடிவு சேருமா, சேராதா? எஸ்க்யூஎல்லின் பிட்வீன் இரண்டு முனையையும் சேர்த்துக்கொள்ளும். ஜாவாவின் சப்ஸ்ட்ரிங் தொடக்கத்தைச் சேர்க்கும், முடிவை விட்டுவிடும். 'காலியாக' என்றால் காலிப் பட்டியலா, அல்லது நல் என்ற வெற்று மதிப்பா? அழைத்தவர் நீளத்தைக் கேட்டால் முதலாவதில் பூஜ்ஜியம் வரும், இரண்டாவதில் ப்ரோக்ராமே விழும்.

நிரலைப் படித்த பிறகு அந்தக் கமென்ட் இப்படி ஆனது: "கொடுத்த மில்லிசெகண்டு வரை காத்திருக்கும், பூஜ்ஜியம் என்றால் காத்திருக்காது, மைனஸ் என்றால் வரம்பில்லை. தொடக்க இண்டெக்ஸ் சேரும், முடிவு இண்டெக்ஸ் சேராது. எதுவும் கிடைக்காவிட்டால் காலிப் பட்டியல் வரும். நல் ஒருபோதும் வராது." அழகு கொஞ்சம் போய்விட்டது. போகட்டும்.

எல்லை விஷயத்தில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. 1989-ன் சி தரநிலை, நேரத்தில் செகண்டின் மதிப்பு 0 முதல் 61 வரை வரலாம் என்றது. ஒரே நிமிடத்தில் இரண்டு லீப் செகண்டு (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகக் கடிகாரத்தில் சேர்க்கும் கூடுதல் செகண்டு) வருமாம்! 1999-ன் தரநிலை அதை 60 ஆக்கியது. ஜாவாவின் பழைய டேட் வகுப்பின் ஆவணமோ 61 என்று எழுதிவிட்டு, அப்படி இரண்டு வருவதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று தானே ஒரு விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆவணத்தில் புகுந்த எண் எவ்வளவு காலம் பிழைத்துக் கிடக்கும் என்பதற்கு நான் எப்போதும் இதைத்தான் காட்டுவேன்.

கமென்ட் ஒன்று சொல்கிறது, நிரல் வேறு செய்கிறது. எதைத் திருத்துவது?

நீங்களாக எதையும் திருத்தாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

பலருக்கும் கை தானாகவே கமென்டை நிரலுக்கேற்ப மாற்றப் போகும். நிரல்தானே ஓடுகிறது, அதுதானே உண்மை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு லைப்ரரியில் 'பெயர் வரிசைப்படி அடுக்கித் தரும்' என்று எழுதியிருந்தது. நிரலில் அடுக்கும் வேலையே இல்லை. பழைய கமென்ட் என்று முடிவு செய்து, 'பெயர் வரிசைப்படி' என்ற சொற்களை எடுத்துவிட்டேன். எழுத்துத் திருத்தங்களோடு கலந்திருந்ததால் ரிவ்யூவிலும் யாரும் கவனிக்கவில்லை. சில வாரம் கழித்து ஒருவர், பட்டியல் தாறுமாறாக வருகிறது என்று புகார் பதிவு செய்தார். 'ஆவணத்திலேயே வரிசை பற்றி எதுவும் இல்லையே, இது பிழை இல்லை' என்று சொல்லி அதை மூடிவிட்டார்கள். சாட்சிக்கு இழுத்தது என் திருத்தத்தை! கமிட் வரலாற்றை, அதாவது நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவை, தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆறு மாதம் முன்பு யாரோ நிரலைச் சீரமைக்கும்போது அடுக்கும் வரி கைதவறி உதிர்ந்திருக்கிறது. கமென்ட்தான் சரி. ஒரு பிழைக்கு நான் பட்டா போட்டுக் கொடுத்திருந்தேன்.

அதனால் இப்போது செய்வது இது. அந்த வரி எப்போது வந்தது, நிரல் கடைசியாக எப்போது மாறியது என்று கிட் (அந்தப் பதிவை வைத்திருக்கும் கருவி) வரலாற்றில் பார்ப்பேன். டெஸ்ட் எதை எதிர்பார்க்கிறது என்று பார்ப்பேன். அழைக்கும் இடங்களில் இரண்டு மூன்றைத் திறந்து, அவர்கள் எதை நம்பி எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். பிறகு பராமரிப்பாளரிடம் ஒரே வாக்கியத்தில் கேள்வி: "கமென்ட் இப்படிச் சொல்கிறது, நிரல் இப்படிச் செய்கிறது, எது உங்கள் எண்ணம்?" பதில் வரும்வரை கமென்ட் அப்படியே இருக்கட்டும்.

யார்தான் இதையெல்லாம் படிக்கிறார்கள்?

எல்லாரும் படிப்பதில்லை, உண்மைதான். நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் சி மொழியின் மெம்காப்பி பற்றிய ஆவணம், மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்று எப்போதுமே சொல்லிவந்தது. படிந்தாலும் பெரும்பாலும் வேலை செய்ததால் பலரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் ஜிலிப்சி (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி லைப்ரரி) வேகத்துக்காகப் புதிய முறையில் நகலெடுக்கத் தொடங்கியதும், ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வெளியீட்டில் ஃப்ளாஷ் ப்ளேயரின் ஒலி கரகரத்தது. ஆவணப்படி ஜிலிப்சி பக்கம்தான் நியாயம். பயனர்கள் கோபம் அதனால் குறையவில்லை. ஆனாலும் அந்த விவாதம் முழுக்க அந்த ஒற்றை வாக்கியத்தைச் சுற்றித்தான் நடந்தது. சண்டை வரும்போது எல்லாரும் படிப்பார்கள்.

முதல் வாக்கியத்தை மட்டும் ஏன் தனியாகப் பார்க்கச் சொல்கிறார்கள்?

அது தனியாகப் பிய்த்து எடுக்கப்படுவதால். ஜாவாடாக் முதல் வாக்கியத்தை எடுத்துச் சுருக்கப் பட்டியலில் போடும். வாக்கியம் முடிந்ததை அது எப்படி அறிகிறது? முற்றுப்புள்ளியும் அடுத்து ஓர் இடைவெளியும் வந்தால் முடிந்தது என்று கொள்ளும். 'உதாரணமாக' என்பதற்கு ஆங்கிலத்தில் இ.ஜி. என்று புள்ளி வைத்துச் சுருக்கி எழுதுகிறார்களே, அது முதல் வாக்கியத்தில் வந்தால் பட்டியலில் பாதியில் அறுந்து தொங்கும். மூலக்கோப்பில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, உருவான பக்கத்தில்தான் தெரியும்.

கோ மொழியில் முதல் வாக்கியம் அந்தப் பொருளின் பெயரிலேயே தொடங்க வேண்டும் என்பது மரபு. ஃபங்ஷன் பெயரை மாற்றியவர்கள் கமென்டில் மாற்ற மறந்திருப்பார்கள், அதைத் தேடுங்கள்.

இன்னொன்று, வெற்று வாக்கியம். 'பெயரைப் பெறு' என்ற ஃபங்ஷனுக்கு மேலே 'பெயரைப் பெறும்' என்று இருப்பது. யாருடைய பெயர், முழுப்பெயரா, இல்லாவிட்டால் என்ன வரும்? சொல்ல எதுவும் இல்லை என்றால் விடுங்கள், ஆனால் பெரும்பாலும் சொல்ல ஏதாவது இருக்கும்.

'ரிட்டர்ன்' என எழுதுவதா, 'ரிட்டர்ன்ஸ்' என எழுதுவதா?

பைத்தானின் பெப் 257 (டாக்ஸ்ட்ரிங் எழுதும் மரபைச் சொல்லும் 2001-ன் ஆவணம்) கட்டளையாக, அதாவது 'திருப்பித் தா' என்ற தொனியில் எழுதச் சொல்கிறது. ஜாவாடாக் மரபு 'திருப்பித் தரும்' என்று படர்க்கையில் எழுதச் சொல்கிறது. இரண்டும் சரி. அந்த லைப்ரரியில் எது அதிகமோ அதைப் பின்பற்றுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற நானூறு கோப்புகளைத் தொடும் ஆர்வம் வந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கமென்டைத் திருத்தினால் ப்ரோக்ராம் உடையுமா?

'கமென்ட் மட்டும்தானே' என்று நம்பி மெர்ஜ் செய்து (பொது நிரலோடு சேர்த்து) பில்ட் சிவப்பானவர்கள், அதாவது நிரல் உருவாகாமல் நின்றுபோனவர்கள், நிறைய. உடையும், பல வழிகளில் உடையும்.

ஜாவாவில் பின்சாய்கோட்டை அடுத்துச் சிறிய யு எழுத்து வந்தால், அது யூனிகோட் குறியீட்டின் தொடக்கம் என்று கம்பைலர் (நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கருவி) எடுத்துக்கொள்ளும். கமென்டுக்கு உள்ளேயும்தான், ஏனென்றால் அந்த மாற்றம் கமென்ட் எது என்று பிரிப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. விண்டோஸ் கோப்புப் பாதையை உதாரணமாக எழுதி, அதில் யூசர்ஸ் கோப்புறை சிறிய எழுத்தில் இருந்துவிட்டால் கம்பைல் ஆகாது. பைத்தான் டாக்ஸ்ட்ரிங்கிலும் அதே பாதை அதே கதை, அங்கே பெரிய எழுத்து யு என்றாலும் விடாது. டாக்ஸ்ட்ரிங்கில் பின்சாய்கோடு வருமானால் மேற்கோள் குறிக்கு முன்னால் ஆர் எழுத்தைச் சேர்க்க வேண்டும். பைத்தான் 3.12 முதல், அர்த்தமில்லாத பின்சாய்கோட்டுச் சேர்க்கைகளுக்கு இலக்கண எச்சரிக்கையே வருகிறது.

நட்சத்திரமும் சாய்கோடும் அடுத்தடுத்து வந்தால் சி, ஜாவா வகை மொழிகளில் கமென்ட் அங்கேயே முடிந்துவிடும். எல்லாத் துணைக் கோப்புறைகளையும் குறிக்க நட்சத்திரம் போட்டு ஒரு பாதை எழுதுகிறீர்கள், அதில் */ ஒளிந்திருக்கிறது. சி-யில் இரட்டைச் சாய்கோட்டுக் கமென்டின் கடைசி எழுத்து பின்சாய்கோடாக இருந்தால் அடுத்த வரியும் கமென்ட் ஆகிவிடும். அந்த அடுத்த வரி நிரலாக இருந்தால், அது சத்தமில்லாமல் மறையும்.

சில கமென்டுகள் கமென்டே இல்லை. கோ மொழியில் இரட்டைச் சாய்கோட்டை ஒட்டி, இடைவெளி இல்லாமல் 'கோ:' என்று தொடங்குபவை கம்பைலருக்கோ கருவிகளுக்கோ தரும் கட்டளைகள். அழகுக்காக ஓர் இடைவெளி சேர்த்தால் கட்டளை செத்துவிடும். சி நிரலை கோவுக்குள் இழுக்கும் இம்போர்ட் வரிக்கு மேலே உள்ள கமென்ட் அசல் சி நிரல்; இரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்று வரி விட்டாலே இணைப்பு போய்விடும். சி-யில் ஸ்விட்ச்சின் (பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு) ஒரு கேஸிலிருந்து அடுத்ததற்கு விழுவது வேண்டுமென்றேதான் என்று எழுதும் 'ஃபால் த்ரூ' கமென்டை 2017-ல் வந்த ஜிசிசி 7 முதல் கம்பைலர் படிக்கிறது. அதை நல்ல முழு வாக்கியமாக மாற்றினால் எச்சரிக்கை கிளம்பலாம்.

பைத்தானில் டாக்ஸ்ட்ரிங் உயிரோடு இருக்கிறது என்றேனே, அது இங்கேதான். பிஎல்ஒய் என்ற பார்சர் (உரையை இலக்கணப்படி பிரிக்கும்) லைப்ரரியில் டாக்ஸ்ட்ரிங்தான் இலக்கண விதி. டாக்ஆப்ட் என்ற லைப்ரரி உதவிக் குறிப்பைப் படித்தே கட்டளை வரி விருப்பங்களை முடிவு செய்கிறது. கிளிக் என்ற லைப்ரரி டாக்ஸ்ட்ரிங்கை உதவித் திரையில் காட்டுகிறது. இவற்றில் 'மொழித் திருத்தம்' என்பது நிரல் திருத்தம்தான். ஆக, டெஸ்ட்டை ஓட்டாமல் அனுப்பாதீர்கள்.

பெயரிலேயே எழுத்துப்பிழை இருந்தால்?

வெளியே போய்விட்ட பெயர் என்றால் தொடாதீர்கள். பிரவுசரும் இணையதளமும் பேசிக்கொள்ளும் எச்டிடிபியில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் ரெஃபரர் என்ற தலைப்பு வரி தெரியுமல்லவா? ஆங்கிலத்தில் நடுவே இரண்டு ஆர் வரவேண்டிய இடத்தில் ஒன்றோடு எழுதிவிட்டார்கள். 1996-ன் ஆர்எஃப்சி 1945 என்ற இணைய ஆவணத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, இன்றுவரை மாற்ற முடியவில்லை. பிற்பாடு வந்த ரெஃபரர் பாலிசி என்ற தலைப்பில் சரியான எழுத்துக்கூட்டு. இரண்டும் ஒரே பிரவுசரில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. யூனிக்ஸின் கிரியேட் என்ற அழைப்பில் ஆங்கிலக் கடைசி எழுத்தான இ கிடையாது. மறுபடி யூனிக்ஸைச் செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் சொன்ன பதிலே, அந்தக் கடைசி எழுத்தைச் சேர்ப்பேன் என்பதுதான்.

டாக் கமென்டில் அந்தப் பெயரைக் குறிப்பிடும்போது பிழையோடுதான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் தேடுபவருக்குக் கிடைக்காது. சரியான பெயரில் புதியது ஒன்றைச் சேர்த்துவிட்டுப் பழையதை 'டெப்ரிகேட்டட்' (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்று குறிக்கலாம், அது பராமரிப்பாளர் முடிவு. அந்தக் குறிச்சொல்லிலேயே எழுத்துப்பிழை விடாதீர்கள்: ஜாவா கம்பைலர் கமென்டில் உள்ள அந்தக் குறியைப் பார்த்தும் எச்சரிக்கிறது, கோ கருவிகளும் அந்தச் சொல்லோடு தொடங்கும் பத்தியைத் தேடுகின்றன.

எடுத்துக்காட்டு நிரலையும் ஓட்டிப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். பயனர் முதலில் நகலெடுப்பது அதைத்தான். பைத்தானில் 2001 முதல் டாக்டெஸ்ட் இருக்கிறது. ரஸ்டில் 'கார்கோ டெஸ்ட்' என்ற கட்டளை, டாக் கமென்டில் உள்ள உதாரணங்களையும் சேர்த்து ஓட்டும். கோவில் உதாரண ஃபங்ஷனின் கடைசியில் எதிர்பார்க்கும் வெளியீட்டைக் கமென்டாக எழுதினால் அதையும் சரிபார்க்கும். ஜாவா 18-ல் வந்த ஸ்னிப்பெட் குறி, உதாரணத்தை டெஸ்ட் ஆகும் தனிக் கோப்பில் வைக்க வழி செய்கிறது.

ரஸ்ட் உதாரணங்களில் 'இக்னோர்' (ஓட்டாமல் விடு) என்று குறித்தவற்றைத் தனியாகத் தேடுங்கள். உடைந்துபோனதைச் சரிசெய்ய நேரமில்லாதவர் போட்ட திரை அது, பல நேரங்களில்.

உருவான பக்கத்தில் எழுத்து காணாமல் போகிறதே?

ஜாவாடாக் பல காலமாக எச்டிஎம்எல். 'லிஸ்ட்' என்று எழுதிக் கோண அடைப்புக்குள் 'ஸ்ட்ரிங்' என்று போட்டால், பிரவுசர் அதை ஏதோ தெரியாத டேக் என்று நினைத்து விழுங்கிவிடும். படிப்பவருக்கு 'லிஸ்ட்' மட்டும் மிஞ்சும். கோட் குறிக்குள் வைத்தால் தப்பிக்கும். 2014-ல் ஜாவா 8 வந்தபோது இந்த மாதிரித் தவறுகளைப் பிடிக்கும் சோதனை இயல்பாகவே இயங்கத் தொடங்கி, அதுவரை ஓடிக்கொண்டிருந்த பல ப்ராஜெக்டுகளின் ஆவண பில்ட் நின்றது. ஜாவா 23-லிருந்து மூன்று சாய்கோடு போட்டு மார்க்டவுனிலும் (எளிய குறிகளால் வடிவமைக்கும் முறை) எழுதலாம்.

பைத்தானின் ஆவணம் உருவாக்கும் கருவியான ஸ்பிங்க்ஸில் நிரல் சொல்லுக்கு இருபுறமும் இரண்டு பேக்டிக் (`) வேண்டும், மார்க்டவுனில் ஒன்று போதும். இரண்டிலும் எழுதுகிறவர்கள் கை மாறிப் போட்டுவிடுவார்கள்.

'மே', 'ஷுட்' போன்ற சொற்களில் என்ன சிக்கல்?

தமிழிலேயே பாருங்கள். 'அவர் வரலாம்' என்றால் வர அனுமதி உண்டு என்பதா, வந்தாலும் வருவார் என்பதா? ஆங்கில 'மே' என்பதும் அப்படித்தான். 'நல் ஆக இருக்கலாம்' என்ற பாராமீட்டர் விளக்கம் அனுமதி. 'நல் வரலாம்' என்ற திருப்பி தரும் மதிப்பின் விளக்கம் எச்சரிக்கை. இரண்டுக்கும் ஒரே சொல். 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2119 இந்தச் சொற்களுக்குத் திட்டமான பொருள் வகுத்தது, ஆனால் அதைப் பின்பற்றுவதாகச் சொன்ன ஆவணத்துக்குத்தான் அது பொருந்தும்.

'ஷுட்' இன்னும் மோசம். 'இண்டெக்ஸ் பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்க வேண்டும்' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதானே கேள்வி. எக்ஸெப்ஷனா (பிழை என்று எறிவதா), மைனஸ் ஒன்றா, எது வேண்டுமானாலும் நடக்குமா? அந்தப் பின்பாதியைக் கேட்டு எழுதுங்கள்.

ஆங்கிலம் எனக்குச் சரளமாக வராது. நான் இதைச் செய்யலாமா?

செய்யலாம், சில விஷயங்களில் உங்களுக்கே வசதி அதிகம். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர் குழப்பமான வாக்கியத்தை மனத்துக்குள் சரிசெய்து படித்துவிடுவார். நாம் முட்டி நிற்போம். அந்த முட்டல்தான் தகவல்.

நான் செய்யும் ஒரு வேலை: சந்தேகமான வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். 'லாஸ்ட் யூஸ்டு ஐட்டம்' என்பதைத் தமிழில் சொல்லப் போனால், 'கடைசியாகப் பயன்படுத்திய உருப்படி'யா, 'பயன்படுத்தியவற்றில் பட்டியலின் கடைசியில் உள்ளது' என்பதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஆங்கிலம் அந்தத் தேர்வைத் தள்ளிப்போட விட்டுவிடுகிறது. 'இட்' என்று வரும் இடமெல்லாம் எந்த 'அது' என்று கேளுங்கள். முந்தைய வாக்கியத்தில் பஃபர், கோப்பு என இரண்டு பொருள் இருந்து, அடுத்ததில் 'அது மூடப்படும்' என்று இருந்தால் கேள்வி எழுப்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நடையை மட்டும் மாற்றப் போகாதீர்கள். பொருள் தெளிவாக இருந்து, வாக்கியம் கொஞ்சம் முரடாக இருந்தால் அது எழுதியவரின் குரல்.

பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டா, அமெரிக்கனா?

ப்ராஜெக்டில் எழுதி வைத்திருந்தால் அதன்படி. இல்லை என்றால் இருப்பதோடு ஒத்துப்போங்கள். இதற்காகத் தனியாக ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பராமரிப்பாளருக்கு அனுப்பும் கோரிக்கை) வேண்டாம்.

புல் ரிக்வெஸ்டை எப்படிப் பிரிப்பது?

சந்தேகமே இல்லாத எழுத்துப்பிழைகள் எல்லாம் ஒரு கட்டு. பொருளை மாற்றும் திருத்தம் ஒவ்வொன்றும் தனித்தனி. என் வரிசைப்படுத்தும் கதையில் தவறு அங்கேதான் நடந்தது: முப்பது காற்புள்ளித் திருத்தங்களுக்கு நடுவில் ஒரு வாக்குறுதி காணாமல் போனால் யார் கண்ணில் படும்?

பத்தியின் வரிகளை மறுபடி மடக்காதீர்கள். ஒரு சொல் மாற எட்டு வரி மாறியதாக டிஃப் (மாற்றங்களைக் காட்டும் பட்டியல்) காட்டும். தானாக உருவாகும் கோப்புகளில் கைவைக்காதீர்கள், அடுத்த பில்டில் அழிந்துவிடும். உருவாக்கும் டெம்ப்ளேட்டைத் தேடுங்கள். வேறு ப்ராஜெக்டிலிருந்து நகலெடுத்து வைத்த கோப்பு என்றால் திருத்தம் மூலத்துக்குத்தான் போக வேண்டும். பெரிய கட்டாகத் திருத்தினால் கிட் பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கட்டளை) முழுக்க உங்கள் பெயராகிவிடும். 2019-ல் வந்த கிட் 2.23 முதல் அப்படிப்பட்ட கமிட்டுகளைத் தவிர்த்துக் காட்டச் சொல்லலாம்.

எண்ணிக்கைக்காக அனுப்பாதீர்கள். 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் (புல் ரிக்வெஸ்ட் அனுப்புவோருக்குப் பரிசு தந்த நிகழ்ச்சி) டி-ஷர்ட்டுக்காக வந்த அற்பத் திருத்தங்களில் பராமரிப்பாளர்கள் மூழ்கிப்போய், விருப்பம் தெரிவித்த ப்ராஜெக்டுகள் மட்டுமே கணக்கு என்று விதியையே பாதி மாதத்திற்குள் மாற்ற வேண்டி வந்தது.

ஏஐ-யிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னால்?

வாக்கியம் வழவழப்பாக வரும். அதுதான் பயம். நிரலில் இல்லாத 'நல் கொடுத்தால் எக்ஸெப்ஷன் எறியும்' என்ற வரியைச் சேர்த்துவிடும், ஏனென்றால் இந்த மாதிரி ஃபங்ஷன்கள் வழக்கமாக அப்படித்தான் செய்கின்றன. படிக்கும்போது சந்தேகமே வராது. நான் அதனிடம் எழுதித் தரச் சொல்வதில்லை. 'இந்தக் கமென்டைப் படித்தவருக்கு விடை தெரியாத கேள்விகள் என்னென்ன?' என்று கேட்பேன். விடையை நிரலில் நானே தேடுவேன்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் பற்றிக் கேள்விப்பட்டேன்.

வேர்ட் ப்ராசஸரிலிருந்து ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறியும் உடையா இடைவெளியும் உதாரண நிரலுக்குள் புகும், நகலெடுத்தவருக்கு ஓடாது. இதைவிட மோசமானது, எழுத்தின் திசையை மாற்றும் யூனிகோட் குறிகள். 2021-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ட்ரோஜன் சோர்ஸ் என்ற பெயரில், அவற்றைக் கமென்டுக்குள் வைத்து, மனிதர் பார்ப்பது ஒன்றும் கம்பைலர் பார்ப்பது வேறுமாக நிரலைக் காட்ட முடியும் என்று நிரூபித்தார்கள். அதற்குப் பிறகு பல கருவிகள் எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கை உங்கள் திருத்தத்தில் வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள்.

ஆயிரக்கணக்கில் கமென்ட் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

அகர வரிசையில் வேண்டாம், களைத்துப்போவீர்கள். முதலில் அழிப்பவை, மேலெழுதுபவை: 'டெலிட்', 'ஓவர்ரைட்', 'ஃபோர்ஸ்' என்று பெயரில் வருபவை. அங்கே கமென்ட் தவறினால் யாரோ ஒருவருடைய கோப்பு போய்விடும். அடுத்து, ஒரே வகைப் பாராமீட்டர்கள் அடுத்தடுத்து வரும் ஃபங்ஷன்கள், முக்கியமாக ஆம்-இல்லை மதிப்புகள் இரண்டு மூன்று வரிசையாக வருபவை. வரிசை மாறினாலும் கம்பைலர் முனகாது, கமென்ட் ஒன்றுதான் காவல். பிறகு, கடந்த ஓராண்டில் ஃபங்ஷன் உடல் மாறி, மேலே உள்ள கமென்ட் மட்டும் மாறாமல் நிற்பவை. இந்த மூன்றாவதைக் கிட் வரலாற்றிலிருந்து எடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். என் அனுபவத்தில் நல்ல வேட்டை அங்கேதான்.